தினசரி சொற்புதிர்கள்: எதை எடுக்கலாம், எதற்குக் காசு கொடுக்கலாம், எதை விட்டுவிடலாம்

ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல்லை ஊகிக்கும் வேர்டில் என்ற தினசரிப் புதிர் தெரியாதவர்கள் இன்று குறைவு. ஆனால் வேர்டில்லோடு நின்றவர்களும் குறைவுதான். வாட்ஸ்அப்பில் யாராவது நான்கு நிறக் கட்டங்களை அனுப்புவார்கள், நாம் தேடிப் போவோம். அங்கே கனெக்‌ஷன்ஸ், ஸ்ட்ராண்ட்ஸ், குவார்டில், வாஃபிள் என்று ஒரு பட்டாளமே நிற்கும். எல்லாவற்றையும் ஆடிப் பார்த்தால் காலை நேரம் முழுக்கப் போய்விடும். சிலவற்றில் பாதி வழியில் காசு கேட்பார்கள். சிலவற்றில் நமக்கு ஆங்கிலம் தெரிந்தும் விடை பிடிபடாது, நம் மேலேயே சந்தேகம் வரும்.

இந்த வழிகாட்டி புதிதாக வருபவர்களுக்கு. எந்த வரிசையில் தொடங்குவது, எங்கே காசு, எங்கே பொறி, இந்திய நேரப்படி எது எப்போது மாறும் என்று வரிசையாகச் சொல்கிறேன். ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகப் படித்தவர்களின் கண்ணோட்டத்தில் எழுதியிருக்கிறேன். அமெரிக்கப் பத்திரிகைகள் போடும் தரவரிசைகள் நமக்கு அப்படியே பொருந்துவதில்லை. அங்கே சுலபம் என்று சொல்வது இங்கே கடினம், அங்கே கடினம் என்பது இங்கே சுலபம்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

அடையாள அட்டை, கார்டு எதுவும் தேவையில்லை. ஒரு மின்னஞ்சல் முகவரி போதும். ஆனால் அது உங்கள் சொந்த முகவரியாக இருக்கட்டும், அலுவலக முகவரி வேண்டாம். வேலை மாறினால் முகவரி போகும், அதோடு சேர்த்துப் பல மாத ஸ்ட்ரீக்கும் போகும். (ஸ்ட்ரீக் என்பது ஒரு நாள் கூட விடாமல் ஜெயித்த வரிசை. முதல் வாரத்தில் அதை மதிக்க மாட்டீர்கள். மூன்றாம் மாதத்தில் அதற்காக ரயிலில் சிக்னல் தேடுவீர்கள்.)

வேர்டில், கனெக்‌ஷன்ஸ், ஸ்ட்ராண்ட்ஸ், ஸ்பெல்லிங் பீ, மினி குறுக்கெழுத்து இவையெல்லாம் நியூயார்க் டைம்ஸின் ஒரே கணக்கில் வரும். தொடங்க இலவசக் கணக்கே போதும், ஸ்பெல்லிங் பீ, மினி இரண்டுக்கும் எங்கே காசு என்று பின்னால் சொல்கிறேன். கணக்கு திறக்காமலும் வேர்டில் ஆடலாம், ஆனால் உங்கள் ஸ்ட்ரீக்கும் ஆட்டப் பதிவும் அந்த ப்ரவுசருக்குள்ளேயே கிடக்கும். போனை மாற்றினால், ப்ரவுசரைச் சுத்தம் செய்தால் எல்லாம் பூஜ்யம்.

இங்கே மூன்று பொறிகள். முதலாவது, போனில் கூகுள் வழியாக உள்ளே நுழைந்துவிட்டு, டேப்லட்டில் ஆப்பிள் வழியாக மின்னஞ்சலை மறைத்து நுழைந்தால் இரண்டு தனித்தனிக் கணக்குகள் உருவாகும். ஒரே வழியைத் தேர்ந்தெடுத்து அதையே எல்லாக் கருவியிலும் பயன்படுத்துங்கள். இரண்டாவது, ஃபேஸ்புக்கிலோ இன்ஸ்டாகிராமிலோ வந்த இணைப்பைத் தட்டினால் அது அந்தச் செயலிக்குள்ளேயே இருக்கும் குட்டி ப்ரவுசரில் திறக்கும். அங்கே நீங்கள் ஆடியது உங்கள் குரோமுக்குத் தெரியாது. மூன்றாவது, இன்காக்னிட்டோ. ஜன்னலை மூடியதும் எல்லாம் போச்சு.

செயலியை இறக்குவதாக இருந்தால் வெளியீட்டாளர் பெயரைப் பாருங்கள். வேர்டில்லைப் போலவே பச்சை, மஞ்சள் கட்டம் போட்ட ஐகானோடு ஏகப்பட்ட செயலிகள் ஸ்டோரில் இருக்கின்றன. அவற்றில் ஒன்று எங்கள் வீட்டுப் போனில் இலவச வாரம் என்று சொல்லி, வாரக் கட்டணமாகப் பிடிக்கத் தொடங்கியது. வாரக் கட்டணம் என்று எங்கே பார்த்தாலும் வெளியே வந்துவிடுங்கள். உண்மையில் செயலியே தேவையில்லை. இந்தக் கட்டுரையில் வரும் எல்லா ஆட்டத்தையும் ப்ரவுசரிலேயே ஆடலாம்.

2. முதலில் வேர்டில், அதுவும் இரண்டு வாரம் அது மட்டும்

ஐந்தெழுத்துச் சொல், ஆறு வாய்ப்பு. சரியான இடத்தில் சரியான எழுத்து என்றால் பச்சை, எழுத்து உண்டு ஆனால் இடம் வேறு என்றால் மஞ்சள், இல்லவே இல்லை என்றால் சாம்பல். எல்லோருக்கும் ஒரே சொல். இவ்வளவுதான் விதி. அன்றைய புதிர் இலவசம்.

தொடக்கச் சொல்லுக்காக ரொம்ப மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். ஸ்லேட், கிரேன் இரண்டில் ஒன்றை எடுத்துக்கொண்டு தினமும் அதையே போடுங்கள். பலர் அடியூ என்ற பிரெஞ்சுச் சொல்லைப் போடுகிறார்கள், நான்கு உயிரெழுத்துகள் இருக்கிறதே என்று. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் உயிரெழுத்து தெரிவதை விட எஸ், டி, ஆர், எல், என் போன்ற மெய்யெழுத்துகள் தெரிவதுதான் சொல்லை வேகமாகச் சுருக்கும்.

இனி பொறிகள். இவற்றைத் தெரிந்துகொண்டாலே பாதித் தோல்விகள் குறையும்.

இரட்டை எழுத்து: விடை அபைடு என்று வைத்துக்கொள்ளுங்கள், ஏ-பி-ஐ-டி-ஈ. நீங்கள் ஸ்பீடு போடுகிறீர்கள், எஸ்-பி-ஈ-ஈ-டி. விடையில் ஈ ஒன்றுதான் இருக்கிறது. அதனால் உங்கள் முதல் ஈ மஞ்சளாகும், இரண்டாவது ஈ சாம்பலாகும். சாம்பலைப் பார்த்து ஈ இல்லை என்று ஒதுக்கிவிடாதீர்கள். ஒரு ஈ உண்டு, இரண்டு ஈ இல்லை என்பதுதான் அதற்குப் பொருள். கீழே இருக்கும் விசைப்பலகையில் ஈ மஞ்சளாகவே இருக்கும், அதைப் பாருங்கள்.

முதலெழுத்துச் சுழல்: இதுதான் பெரிய ஸ்ட்ரீக் கொல்லி. இரண்டாவது வாய்ப்பிலேயே ஐ-ஜி-எச்-டி என்று கடைசி நான்கும் பச்சையாகிவிடும். ஆகா என்று ஃபைட் போடுவீர்கள். இல்லை. லைட், இல்லை. மைட், இல்லை. நைட், ரைட், சைட், டைட் என்று இன்னும் வரிசையில் நிற்கும். நான்கு வாய்ப்பு, ஏழெட்டுச் சொல். ஒவ்வொன்றாகப் போட்டால் ஜெயிப்பது அதிர்ஷ்டம். அதற்குப் பதில் ஒரு வாய்ப்பை வேண்டுமென்றே செலவழியுங்கள். ஃபிலிம்ஸ் என்று போடுங்கள். எஃப், எல், எம், எஸ் நான்கும் ஒரே அடியில் சோதனையாகிவிடும். எது நிறம் மாறுகிறதோ அதுதான் முதலெழுத்து. எதுவுமே மாறவில்லை என்றால் என், ஆர், டி மூன்றும்தான் பெரும்பாலும் மிச்சம், அதற்கும் கையில் மூன்று வாய்ப்பு இருக்கிறது. இந்தத் தந்திரம் ஹார்டு மோடில் செல்லாது. அங்கே கிடைத்த எழுத்தை அடுத்தடுத்த சொல்லிலும் கட்டாயம் வைக்க வேண்டும். ஹார்டு மோடு வீரம் என்று முதல் நாளே போட்டுக்கொள்ளாதீர்கள். அதை ஆட்டம் தொடங்கும் முன்தான் போட முடியும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

அமெரிக்க எழுத்துக்கூட்டல்: நாம் பள்ளியில் படித்தது பிரிட்டிஷ் முறை. ஹ்யூமர், ஃபேவர் இரண்டும் நமக்கு ஆறெழுத்து. அமெரிக்கர்களுக்கு யூ இல்லாமல் ஐந்தெழுத்து. இரண்டும் 2022 தொடக்கத்தில் விடையாக வந்து இங்கிலாந்துக்காரர்களைக் கடுப்பேற்றின. ஓ-ஆர் என்று முடியும் வாய்ப்பு தெரிந்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

பன்மை: நான்கெழுத்துச் சொல்லின் பின்னால் எஸ் ஒட்டிய சாதாரணப் பன்மை விடையாக வராது என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஊகமாக ஏற்றுக்கொள்ளும், அதனால்தான் ஃபிலிம்ஸ் வேலை செய்கிறது.

இந்த நான்கும் கைக்கு வந்த பிறகு அடுத்ததற்குப் போங்கள்.

3. அடுத்து கனெக்‌ஷன்ஸ், ஆனால் நிபந்தனையோடு

2023 ஜூனில் வந்த ஆட்டம். பதினாறு சொற்கள். நான்கு நான்காக நான்கு குழுவாகப் பிரிக்க வேண்டும். நான்காவது தவறில் ஆட்டம் முடிந்துவிடும். மஞ்சள் சுலபம், பச்சை பரவாயில்லை, நீலம் கொஞ்சம் கடினம், ஊதா வம்பு. இதுவும் அன்றைய புதிர் இலவசம்.

இதில் நம்மவர்கள் தடுமாறுவதற்குக் காரணம் ஆங்கிலம் இல்லை, அமெரிக்கா. ஏதாவது ஒரு குழுவில் அமெரிக்கக் கூடைப்பந்து அணிகளின் பெயர் இருக்கும், இல்லையென்றால் அங்கே சின்ன வயதில் எல்லோரும் சாப்பிட்ட மிட்டாய், காலை உணவு சீரியல், தொலைக்காட்சித் தொடர். ஆங்கில இலக்கியம் படித்தவருக்கும் அது தெரியாது. நியூஜெர்சியில் பத்து வருடம் இருந்தவருக்குத் தெரியும். எனவே இதில் தோற்றால் மனசு விடாதீர்கள், தெரியாத குழுவைக் கடைசிக்குத் தள்ளி, மற்ற மூன்றைக் கண்டுபிடித்தால் அது தானாக விழும்.

எப்படி யோசிப்பது என்று ஒரு உதாரணம் பார்ப்போம். புதிரில் வந்ததில்லை, விளக்குவதற்காக நானே கட்டியது. பலகையில் இந்தச் சொற்கள் இருக்கின்றன: பாஸ், பெர்ச், ட்ரவுட், ஃப்ளவுண்டர், சோல், கார்ப். எல்லாம் மீன். பார்த்ததும் கை பரபரக்கும். ஆனால் ஆறு இருக்கிறது, குழுவுக்கு நான்குதான். அப்படியானால் இரண்டு வேறு இடத்தைச் சேர்ந்தவை. மற்ற சொற்களைப் பாருங்கள். ஹீல், டங், லேஸ் என்று மூன்று தென்படுகின்றன. இவை செருப்பு, ஷூவின் பாகங்கள். அப்படியென்றால் சோல் அங்கே போகும். பீஃப், கிரவுஸ், வைன் (டபிள்யூ-எச் என்று தொடங்குவது, மது இல்லை) என்று இன்னும் மூன்று. இவற்றுக்குக் குறை சொல்வது, முணுமுணுப்பது என்றும் ஒரு பொருள் உண்டு, கார்ப்புக்கும் உண்டு. அது அங்கே போனால் மீதி நான்கு மீனும் நிஜ மீன். ஆக, முதலில் கண்ணில் படும் குழுவைத் தட்டாதீர்கள். ஒரு குழுவில் ஐந்தோ ஆறோ தெரிகிறதென்றால் அது உங்களுக்காக விரித்த வலை. அதை விட்டுவிட்டு, சரியாக மூன்றே மூன்று தெரியும் குழுவுக்கு நான்காவது ஆள் யார் என்று தேடுங்கள்.

தவறாகத் தட்டினால், ஒன்று மட்டும் இடம் மாறியிருந்தால் அதைச் சொல்லிவிடும். அப்போது உடனே இன்னொன்றை மாற்றித் தட்டாதீர்கள். ஒவ்வொரு தட்டலும் ஒரு உயிர். அந்த நான்கில் வேறு குழுவுக்கும் பொருந்தக்கூடியது எது என்று முதலில் யோசியுங்கள். ஷஃபிள் பட்டனைத் தயங்காமல் அழுத்துங்கள், கணக்கில் சேராது. சொற்களை அடுத்தடுத்து வைத்து ஏமாற்றுவதும் தொகுப்பவர் வேலைதான், கலைத்துவிட்டால் பாதி மயக்கம் தெளியும்.

ஊதாக் குழுவில் பொருளைத் தேடாதீர்கள். சொல்லுக்கு முன்னால் அல்லது பின்னால் இன்னொரு சொல்லை ஒட்டிப் பாருங்கள், வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், உள்ளே இன்னொரு சொல் ஒளிந்திருக்கிறதா பாருங்கள். பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றுதான்.

4. ஸ்பெல்லிங் பீயும் ஸ்ட்ராண்ட்ஸும்: ஒன்று நேரம் தின்னும், ஒன்று தோற்கடிக்காது

ஸ்பெல்லிங் பீயில் தேன்கூடு மாதிரி ஏழு எழுத்து. நடுவில் இருக்கும் எழுத்து ஒவ்வொரு சொல்லிலும் வர வேண்டும், சொல் நான்கெழுத்துக்குக் குறையக் கூடாது. ஒரே எழுத்தைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம்.

மதிப்பெண் கணக்கைப் புரிந்துகொண்டால் ஆட்டம் மாறிவிடும். நான்கெழுத்துச் சொல்லுக்கு 1 புள்ளிதான். ஐந்தெழுத்துக்கு 5, ஆறெழுத்துக்கு 6. அதாவது ஒரு ஐந்தெழுத்துச் சொல் ஐந்து நான்கெழுத்துச் சொல்லுக்குச் சமம். ஏழு எழுத்தும் வரும் சொல்லுக்குப் பான்கிராம் என்று பெயர், அதற்கு மேலே 7 புள்ளி போனஸ். ஏழெழுத்துப் பான்கிராம் என்றால் மொத்தம் 14. எனவே சின்னச் சொற்களைப் பொறுக்கிக்கொண்டிருக்காமல் முதலில் பான்கிராமைத் தேடுங்கள். ஐ-என்-ஜி மூன்றும் இருந்தால் அதைக் கடைசியில் ஒட்டிப் பாருங்கள், ஈ-டி இருந்தால் இறந்தகாலம். எஸ் தேடாதீர்கள், அது வராது.

ஜீனியஸ் பட்டம் மொத்தப் புள்ளியில் 70 சதவீதத்தில் கிடைக்கும். எல்லாச் சொல்லையும் பிடித்தால் குயின் பீ. ஜீனியஸோடு நிறுத்திக்கொள்ளுங்கள். குயின் பீ ஆசை வந்தால் மதியச் சாப்பாடு ஆறிவிடும். கடைசியில் கிடைக்காத அந்த ஒரு சொல் எப்போதும் நீங்கள் கேள்விப்படாத ஏதோ ஒரு செடியாக இருக்கும்.

முக்கியமான விஷயம்: இது முழு இலவசம் இல்லை. கொஞ்ச தூரம் விட்டு, நீங்கள் சூடு பிடிக்கும் நேரத்தில் சந்தா கேட்டு நிறுத்திவிடும். ஜீனியஸ் வரை போக வேண்டும் என்றால் காசு வேண்டும். இன்னொன்று, அதன் அகராதி தொகுப்பவரின் கையில் இருக்கிறது. நிஜ அகராதியில் இருக்கும் சொல்லையும் இது ஏற்காமல் போகலாம். வாதாடிப் பயனில்லை.

ஸ்ட்ராண்ட்ஸ் 2024 மார்ச்சில் சோதனையாக வந்தது. ஆறுக்கு எட்டுக் கட்டம், மேலே ஒரு குறிப்பு. எழுத்துகளைக் கோணல்மாணலாக இணைத்துச் சொற்களை எடுக்க வேண்டும். ஒரு பக்கத்திலிருந்து எதிர்ப்பக்கம் வரை போகும் சொல்லுக்கு ஸ்பான்கிராம் என்று பெயர், அது கருப்பொருளைச் சொல்லிவிடும். கட்டத்தில் ஒரு எழுத்துகூட மிச்சமாகாது. இதில் தோல்வியே கிடையாது. கருப்பொருளுக்குச் சம்பந்தமில்லாத சொல் மூன்று கண்டுபிடித்தால் ஒரு குறிப்பு தரும். மூலைகளிலிருந்து தொடங்குங்கள், மூலை எழுத்துக்குப் போக வழி குறைவு, அதனால் சொல் சீக்கிரம் தெரியும். ஆங்கிலம் கற்கும் பிள்ளைகளோடு உட்கார்ந்து ஆட இந்த வரிசையில் மிக நல்லது இதுதான் என்பேன். இலவசம்.

மினி குறுக்கெழுத்து முன்பு எல்லோருக்கும் இலவசம். 2025 ஆகஸ்டில் சந்தாவுக்குள் போய்விட்டது. பழைய கட்டுரைகளில் இலவசம் என்று போட்டிருப்பதை நம்பிப் போகாதீர்கள்.

5. காசு கேட்காத கூட்டம்

குவார்டில்: ஒரே நேரத்தில் நான்கு வேர்டில், ஒன்பது வாய்ப்பு. நீங்கள் போடும் ஒவ்வொரு சொல்லும் நான்கு பலகையிலும் பதிவாகும். இப்போது மெரியம்-வெப்ஸ்டர் அகராதி நிறுவனம் நடத்துகிறது. விளம்பரம் வரும், காசு கேட்காது, வேண்டிய மட்டும் பயிற்சி ஆடலாம். கேட்க மிரட்டலாக இருக்கும், ஆனால் நமக்குக் கனெக்‌ஷன்ஸை விட இதுதான் சுலபம். அமெரிக்கா தெரிய வேண்டாம், எழுத்துக்கூட்டல் தெரிந்தால் போதும்.

இதற்கு ஒரு நிலையான வழி இருக்கிறது. முதல் மூன்று வாய்ப்பையும் கண்ணை மூடிக்கொண்டு ஸ்லேட், க்ரோனி, ஹ்யூமிட் (SLATE, CRONY, HUMID) என்று போட்டுவிடுங்கள். மூன்றிலும் ஒரு எழுத்துகூடத் திரும்ப வராது, மொத்தம் பதினைந்து எழுத்து, ஒய் உட்பட எல்லா உயிரெழுத்தும் அடங்கிவிடும். மீதி ஆறு வாய்ப்பில் நான்கு சொல். அதிகப் பச்சை இருக்கும் பலகையை முதலில் முடிக்காதீர்கள். அது எங்கேயும் ஓடாது. இரண்டு மூன்று விடைக்கு வாய்ப்பிருக்கும் பலகைக்குத்தான் தகவல் தேவை, அதை முதலில் கவனியுங்கள். இது பழகிய பிறகு எட்டுச் சொல், பதின்மூன்று வாய்ப்பு உள்ள ஆக்டார்டில் போகலாம். நான் அங்கே போவதில்லை, அது புதிர் என்பதை விட அலுவலக வேலை மாதிரி ஆகிவிடுகிறது.

வாஃபிள்: இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை, அநியாயம். குறுக்கே மூன்று, நெடுக்கே மூன்று, ஆறு சொற்கள் பின்னிய கட்டம். எல்லா எழுத்தும் ஏற்கனவே பலகையில் இருக்கிறது, இடம்தான் மாறிக் கிடக்கிறது. பதினைந்து மாற்றத்துக்குள் சரிசெய்ய வேண்டும். எந்தப் புதிரையும் பத்தில் முடிக்க முடியும், அப்படி முடித்தால் ஐந்து நட்சத்திரம். பொறி ஒன்றுதான்: இரண்டு சொல் சந்திக்கும் கட்டத்தில் மஞ்சள் இருந்தால், அந்த எழுத்து குறுக்குச் சொல்லுக்கா நெடுக்குச் சொல்லுக்கா என்று தெரியாது. எனவே ஆறு சொல்லும் தாளில் எழுதி முடிக்கும் வரை ஒரு எழுத்தையும் நகர்த்தாதீர்கள். பிறகு, ஒரே மாற்றத்தில் இரண்டு எழுத்தும் பச்சையாகும் ஜோடிகளை முதலில் மாற்றுங்கள்.

கான்டெக்ஸ்டோ, செமாண்டில்: இவற்றில் எழுத்து முக்கியமில்லை, பொருள்தான். நீங்கள் ஒரு சொல் போட்டால் அது விடைக்கு எவ்வளவு நெருக்கம் என்று கணினி சொல்லும். கான்டெக்ஸ்டோ வரிசை எண் தரும், 1 என்றால் விடை. செமாண்டில் ஒரு மதிப்பெண் தரும், நெருங்கிய ஆயிரம் சொல்லுக்குள் வந்தால் மட்டும் தரவரிசை காட்டும். இரண்டிலும் வாய்ப்புக்குக் கணக்கில்லை. இங்கே மனிதர்கள் யோசிக்கும் நெருக்கத்தை எதிர்பார்த்தால் ஏமாறுவீர்கள். எந்தச் சொல் எந்தச் சொல்லோடு ஒரே மாதிரி இடத்தில் புழங்குகிறது என்பதைத்தான் கணினி பார்க்கிறது. அதனால் சூடும் குளிரும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். எதிர்ச்சொல்லையும் போட்டுப் பாருங்கள். முதலில் விலங்கு, உணவு, இடம், உணர்ச்சி, வேலை என்று துறைக்கு ஒரு சொல் போட்டு எந்தப் பக்கம் விடைக்கு நெருக்கம் என்று பார்த்துக்கொண்டு பிறகு உள்ளே இறங்குங்கள். புதியவர்கள் கான்டெக்ஸ்டோவோடு தொடங்குவது நல்லது. செமாண்டில் சில நாள் நூறு சொல் தாண்டியும் விடாது.

6. லிங்க்ட்இன் ஆட்டங்கள்

2024 மே மாதம் லிங்க்ட்இன்னும் இந்தக் களத்தில் இறங்கியது. சொற்புதிர் என்றால் அதில் இரண்டைப் பார்க்கலாம். பின்பாயின்ட்டில் ஐந்து சொல் ஒவ்வொன்றாகத் திறக்கும், எல்லாம் எந்த வகை என்று சொல்ல வேண்டும். கிராஸ்கிளைம்பில் குறிப்புக்கு விடை கண்டுபிடித்து, ஒரு எழுத்து மட்டும் மாறும்படி அடுக்க வேண்டும். இரண்டும் சில நிமிட வேலை, கணக்கு இருந்தால் இலவசம். ஆனால் நீங்கள் ஆடியது உங்கள் தொடர்பில் இருப்பவர்களுக்குத் தெரியும், அலுவலக வாரியாகத் தரப்பட்டியலும் உண்டு. காலை பதினொரு மணிக் கூட்டத்தில் இருந்தபடி ஆடினீர்கள் என்று மேலாளருக்குத் தெரிய வேண்டாம் என்றால், முதல் ஆட்டத்துக்கு முன்பே அமைப்புகளில் போய் அதை மறைத்துவிடுங்கள்.

7. எது எத்தனை மணிக்கு மாறும்

இதில்தான் பலருடைய ஸ்ட்ரீக் வீணாகப் போகிறது.

வேர்டில், கனெக்‌ஷன்ஸ், ஸ்ட்ராண்ட்ஸ், குவார்டில், வாஃபிள் எல்லாம் உங்கள் ஊர் நள்ளிரவில் மாறும். போனில் என்ன தேதியோ அந்தத் தேதிப் புதிர். வெளிநாடு போகும்போது போன் தானாக நேரத்தை மாற்றிக்கொள்ளும் என்பதை நினைவில் வையுங்கள். சென்னையில் இரவு பத்து மணிக்கு ஆடலாம் என்று வைத்துவிட்டுச் சிங்கப்பூர் விமானம் ஏறினால், இறங்கும்போது அங்கே மறுநாள் பிறந்திருக்கும். கிழக்கே போகிறவர்கள் ஏறும் முன்பே ஆடிவிடுங்கள்.

ஸ்பெல்லிங் பீ நியூயார்க் நேரப்படி அதிகாலை 3 மணிக்கு மாறும். நமக்கு மதியம் 12:30. நவம்பர் முதல் ஞாயிற்றிலிருந்து மார்ச் இரண்டாவது ஞாயிறு வரை அமெரிக்காவில் கடிகாரத்தைப் பின்னால் வைப்பதால் 1:30. சிங்கப்பூர், மலேசியாவில் பிற்பகல் 3 அல்லது 4 மணி. லிங்க்ட்இன் கலிஃபோர்னியா நள்ளிரவில் மாறும், அதுவும் நமக்கு அதே 12:30 அல்லது 1:30தான். காலை எழுந்து ஆடுவது நேற்றைய புதிர், மதியம் சாப்பிட்டுவிட்டு ஆடினால் இன்றையது. காலையும் மாலையும் மாற்றி மாற்றி ஆடினால் குழப்பம்தான் வரும். ஒரு நேரத்தை முடிவு செய்துகொள்ளுங்கள்.

செமாண்டில் கிரீன்விச் நள்ளிரவில், அதாவது நமக்குக் காலை 5:30க்கு மாறும்.

8. காசு கொடுப்பதா, வேண்டாமா?

முதல் மாதம் கொடுக்காதீர்கள். இலவசமாகக் கிடைப்பதே ஒரு நாளைக்குத் தாராளம். சந்தா கட்டினால் நியூயார்க் டைம்ஸில் ஸ்பெல்லிங் பீ முழுதாக, மினியும் பெரிய குறுக்கெழுத்தும், பழைய வேர்டில், கனெக்‌ஷன்ஸ் புதிர்கள், உங்கள் ஆட்டத்தை அலசும் வேர்டில்பாட் எல்லாம் கிடைக்கும். பெரிய குறுக்கெழுத்து இருக்கிறதே என்று கட்டாதீர்கள். கனெக்‌ஷன்ஸில் சொன்ன அமெரிக்கப் பிரச்சினை அங்கே பத்து மடங்கு. ஸ்பெல்லிங் பீ பிடித்துப்போய், வாரத்தில் நான்கு நாளாவது அந்தச் சந்தாச் சுவரில் முட்டிக்கொண்டால் மட்டும் யோசியுங்கள். நாளிதழுக்கான முழுச் சந்தா உங்களிடம் ஏற்கனவே இருந்தால் விளையாட்டும் அதில் அடக்கம், தனியாகக் கட்ட வேண்டாம்.

கட்டுவதென்று முடிவானால் கவனிக்க வேண்டியவை:

முன்பக்கத்தில் பெரிதாகத் தெரிவது அறிமுக விலை. எத்தனை மாதத்துக்கு, அதன் பிறகு எவ்வளவு என்பது கீழே சின்ன எழுத்தில் இருக்கும். அந்த இரண்டாவது தொகைதான் உண்மையான விலை. அறிமுகக் காலம் முடியும் நாளுக்கு ஒரு வாரம் முன்பு போனில் நினைவூட்டல் போட்டுவிட்டுத்தான் கார்டு எண்ணைத் தட்டுங்கள்.

டாலரில் பிடித்தால், பல இந்தியக் கார்டுகளில் அந்நியச் செலாவணிக் கட்டணமாக 3.5 சதவீதம் வரை கூடும், அதன் மேல் ஜிஎஸ்டி. கார்டில் சர்வதேசப் பரிவர்த்தனை திறந்திருக்கவும் வேண்டும். ப்ளே ஸ்டோர், ஆப் ஸ்டோர் வழியாகக் கட்டினால் இந்தத் தொல்லை குறைவு. இரண்டு இடத்திலும் விலையைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள், ஒன்றாக இருக்க வேண்டும் என்று அவசியமில்லை.

ரிசர்வ் வங்கி விதிப்படி, கார்டில் தானாகப் பிடிக்கும் தொகைக்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பு உங்களுக்கு அறிவிப்பு வர வேண்டும். 15,000 ரூபாய் வரை ஒவ்வொரு முறையும் ஓடிபி கேட்காது. எனவே அந்தக் குறுஞ்செய்தியை விளம்பரம் என்று நினைத்துத் தள்ளிவிடாதீர்கள், வேண்டாம் என்று சொல்ல அதுதான் கடைசிச் சந்தர்ப்பம்.

நிறுத்தும்போது எங்கே கட்டினீர்களோ அங்கேதான் நிறுத்த வேண்டும். ஸ்டோர் வழியாகக் கட்டிவிட்டு இணையதளத்தில் போய் ரத்து பட்டனைத் தேடினால் கிடைக்காது. செயலியை நீக்கினால் சந்தா நிற்கும் என்பதும் பொய், அது பாட்டுக்குப் பிடித்துக்கொண்டே இருக்கும். ரத்து செய்ததும் வரும் உறுதி மின்னஞ்சலைச் சேமித்து வையுங்கள்.

9. குடும்பக் குழுவில் போடும் முன்

எதைத் தொடர்வது என்று முடிவு செய்ய என் கணக்கு இது: தினமும் பத்து நிமிடம்தான் என்றால் வேர்டில்லும் வாஃபிளும். இருபது நிமிடம் என்றால் குவார்டில்லைச் சேருங்கள். குழுவாக ஆட ஆள் இருந்தால் கனெக்‌ஷன்ஸ், ஏனென்றால் அமெரிக்காவில் இருக்கும் அண்ணன் பிள்ளைக்குத் தெரிந்தது உங்களுக்கும், உங்களுக்குத் தெரிந்தது அவனுக்கும் தெரியாது. மூன்றுக்கு மேல் போகாதீர்கள், நான்காவது எப்படியும் கடமையாகிவிடும். தமிழிலும் இதே பாணி ஆட்டங்கள் உண்டு, ஆனால் உயிர்மெய்யை வைத்து ஆடுவதற்கு யோசிக்கும் முறையே வேறு, அதற்குத் தனியாக எழுத வேண்டும்.

ஆடி முடித்ததும் பகிர் பட்டனை மட்டும் பயன்படுத்துங்கள். அது நிறக் கட்டத்தையும் புதிர் எண்ணையும்தான் அனுப்பும், விடை தெரியாது. திரையைப் படம் பிடித்துப் போட்டால் எல்லாம் அம்பலம். சிட்னியில் இருக்கும் அக்காவுக்கு நம்மைவிட நாலரை அல்லது ஐந்தரை மணி நேரம் முன்பே புதிர் வந்துவிடும், நியூஜெர்சிக்கு ஒன்பதரை அல்லது பத்தரை மணி நேரம் கழித்துத்தான் வரும். நாம் காலைக் காப்பியோடு இன்று ரொம்ப சுலபம், ஒரு பழம்தான் என்று எழுதினால், அங்கே அவர்களுக்கு இன்னும் நேற்று முடியவில்லை. இதே காரணத்துக்காகத்தான் இன்றைய வேர்டில் என்று கூகுளில் தேடவும் கூடாது. தேடல் பட்டியலின் முதல் வரியிலேயே விடை வந்து நிற்கும். குறிப்பு வேண்டுமென்றால் புதிர்ப் பக்கத்தின் உள்ளேயே தேடுங்கள். ஸ்பெல்லிங் பீக்கு எந்த இரண்டெழுத்தில் எத்தனை சொல் தொடங்குகிறது என்ற அட்டவணையையே அங்கே தருகிறார்கள், சொல்லைக் காட்டாமல்.